தமிழ் ஆய்வேடுகளுக்குப் பொதுவான மேற்கோள் வடிவம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆய்வேடுகளின் தரம் குறித்துப் பேச்சு எழும்போதெல்லாம் கருத்துத் திருட்டைப் பற்றியே பேசுகிறோம். ஓர் ஆய்வேட்டின் அடிக்குறிப்புகளும் துணைநூற்பட்டியலும் எப்படி உருவாகின்றன என்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. ஊத்தங்கரை வட்டத்தில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நடுகற்களைக் குறித்துப் பகுதிநேரமாக முனைவர் பட்ட ஆய்வு செய்துவரும் நான், இது தொடர்பாக நம் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளிடம் ஒரு கோரிக்கையை வைக்க விரும்புகிறேன்.

என் ஆய்வேட்டின் இரண்டாம் இயலில் மட்டும் 170 அடிக்குறிப்புகள் உள்ளன. ஒரே நூலை அடுத்தடுத்துச் சுட்டும்போது ‘மேலது’ என்று எழுதிப் பக்க எண் தருவது தமிழ் ஆய்வாளர்களின் வழக்கம். நெறியாளர் சொன்னபடி இயலின் நடுவே ஒரு கல்வெட்டுச் சான்றைப் புதிதாகச் சேர்த்தேன். உடனே அதற்குக் கீழிருந்த ‘மேலது’ பழைய நூலை விட்டுவிட்டுப் புதிதாக நுழைந்த சான்றைச் சுட்டத் தொடங்கியது. பிறகு பத்திகளை இடம் மாற்றியபோது இதே பிழை இயல் முழுவதும் பரவியது. கோடை விடுமுறையின் பெரும்பகுதி அவற்றைத் திருத்துவதிலேயே கழிந்தது. இரவல் வாங்கிப் படித்துத் திருப்பிக் கொடுத்துவிட்ட ஒரு நூலின் ஒரே ஒரு பக்க எண்ணுக்காகத் தருமபுரிக்கு மீண்டும் பேருந்து ஏற வேண்டியிருந்தது.

இந்த இடரைத் தீர்க்கும் கருவி ஏற்கெனவே இருக்கிறது என்பதை நிலத்தடி நீரில் உள்ள புளோரைடு குறித்து ஆராயும் நண்பர் ஒருவர்தான் எனக்குக் காட்டினார். அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜோட்டெரோ’ என்னும் மேற்கோள் மேலாண்மை மென்பொருளுக்குக் கட்டணம் இல்லை. எல்செவியர் நிறுவனம் 2013இல் வாங்கிய மெண்டலியும், விலை கொடுத்து வாங்க வேண்டிய எண்ட்நோட்டும் இதே வேலையைச் செய்பவைதாம் என்றாலும், உதவித்தொகையை நம்பி ஆய்வு செய்யும் மாணவருக்கு ஜோட்டெரோவே போதும் என்பது என் கருத்து. ஒரு நூலின் ஆசிரியர், தலைப்பு, பதிப்பகம், ஆண்டு ஆகியவற்றை ஒருமுறை பதிந்துவிட்டால், வேர்டிலோ லிப்ரே ஆபிஸிலோ எழுதும்போது வேண்டிய இடத்தில் அதைச் செருகிப் பக்க எண்ணை மட்டும் குறித்தால் போதும். பத்தி இடம் மாறினால் அடிக்குறிப்பும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. துணைநூற்பட்டியலும் தானே உருவாகிறது. பதிவுகள் அனைத்தும் நம் கணினியிலேயே இருப்பதால், இணையம் அடிக்கடி துண்டிக்கப்படும் மலையோரச் சிற்றூரில் உட்கார்ந்தும் வேலை செய்யலாம்.

இதன் பயன் அடிக்குறிப்போடு முடிவதில்லை. ஆய்வைத் தொடங்கிய காலத்தில் தருமபுரி அருங்காட்சியகத்தின் நடுகற்களைப் பார்த்தும் நூலகங்களில் படித்தும் குறிப்பேடுகளில் எழுதிவந்தேன். பல குறிப்புகளில் நூலின் பெயர் இருந்தது, பக்க எண் இல்லை. சிலவற்றில் இரண்டுமே இல்லை. இரண்டாண்டுகள் கழித்துப் புரட்டியபோது சில வாக்கியங்கள் நான் எழுதியவையா, எங்கிருந்தோ படியெடுத்தவையா என்று என்னாலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 விழுக்காட்டுக்கு மேல் ஒப்புமை காணப்பட்டால் நடவடிக்கை உண்டு. முறையாகச் சான்று காட்டப்பட்ட மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் அக்கணக்கில் சேர்வதில்லை. அப்படியானால் மூலத்தைத் தொலைத்துவிட்ட குறிப்புதான் நேர்மையான மாணவரையும் குற்றவாளியாக நிறுத்துகிறது. ஒவ்வொரு குறிப்பையும் அதன் நூற்பதிவோடு சேர்த்தே வைக்கும் இம்மென்பொருளை முதல் ஆண்டிலேயே அறிந்திருந்தால், அந்த வாக்கியங்களை நான் ஆய்வேட்டிலிருந்து நீக்க நேர்ந்திருக்காது.

ஆனால் தமிழில் ஆய்வு செய்வோருக்கு இதில் தனி இடர்கள் உண்டு. அறிவியல் மாணவர், ஆய்விதழ்க் கட்டுரைகளுக்குத் தரப்படும் நிலையான அடையாள எண்ணான டி.ஓ.ஐ.யை இட்டதும் விவரங்கள் முழுவதும் வந்து சேர்கின்றன. நம் பழைய நூல்கள் பெரும்பாலானவற்றுக்கு அப்படி எந்த எண்ணும் இல்லாததால் கையால்தான் பதிய வேண்டும். டி.டி.பி. மையத்தில் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வாங்கிய பட்டியலை அப்படியே ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும்; எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றியாக வேண்டும். குடும்பப் பெயர், முதற்பெயர் என இரு பெட்டிகளைக் கேட்கும் மென்பொருளில் தந்தையின் பெயரெழுத்தை முன்னே வைக்கும் நம் பெயர்களை ஆளுக்கொரு விதமாக நிரப்புகிறோம். ஒரே பெட்டியாக மாற்றிக்கொள்ளும் வசதி அதிலேயே இருப்பது பலருக்குத் தெரியாது. அதியமான் தந்த நெல்லிக்கனியை ஔவையார் பாடும் புறநானூற்றின் 91ஆம் பாடலைச் சுட்டும்போது பாடல் எண் முதன்மையா, உ.வே.சாமிநாதையரின் 1894ஆம் ஆண்டுப் பதிப்பா பிற்காலப் பதிப்பா என்பதும் அதன் பக்கமும் முதன்மையா என்பதில் ஒரே துறைக்குள்ளேயே வேறுபாடு காண்கிறேன். கல்வெட்டுக்கென்று ஒரு பதிவு வகையே ஜோட்டெரோவில் இல்லை. ஒருவர் அதை ஆவணமாகவும் மற்றொருவர் கையெழுத்துப் படியாகவும் பதிகிறார். எல்லாம் முடிந்து வெளிவரும் அடிக்குறிப்பில் ‘மேலது’, ‘பதிப்பாசிரியர்’, ‘ப.’ ஆகியவற்றுக்குப் பதிலாக ஆங்கிலச் சுருக்கங்கள் வந்து நிற்கின்றன.

இவற்றுள் பெரும்பாலானவற்றை ஒரே ஒரு கோப்பு தீர்த்துவிடும். ஜோட்டெரோவும் மெண்டலியும் மேற்கோள் வடிவங்களுக்குச் சி.எஸ்.எல். என்னும் திறந்த முறையையே பயன்படுத்துகின்றன. அம்முறையில் 10,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒவ்வொரு வடிவமும் வெறும் எழுத்துக் கோப்புதான். ஆங்கிலச் சுருக்கங்களுக்குரிய தமிழ்ச் சொற்களை அதற்குள்ளேயே எழுதிவிடலாம். நான்கு மாவட்டக் கல்லூரிகளை இணைத்து நடத்தும் பெரியார் பல்கலைக்கழகம், தமிழ்த்துறைப் பேராசிரியர்களையும் கணினித்துறையினரையும் சில நாள்கள் ஒன்றாக அமரச் செய்து, பெயர், பாடல் எண், பதிப்பு, கல்வெட்டு, ஓலைச்சுவடி, களப்பணியில் கண்ட தகவலாளர் ஆகியவற்றை எப்படிச் சுட்டுவது என்று முடிவெடுத்து, ஆய்வேட்டு விதிமுறைகளோடு இக்கோப்பையும் தன் இணையதளத்தில் வெளியிட வேண்டும். முனைவர் பட்ட மாணவர்களுக்குக் கட்டாயமான ஆய்வு, வெளியீட்டு அறநெறிப் பாடத்தின் 30 மணி நேரத்தில் இரண்டு மணி நேரத்தையாவது கணினி ஆய்வகத்தில் இதற்கென ஒதுக்கிக் கற்பிக்கவும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூல்களையும் இருப்பவைபோலத் தருகின்றன. அவற்றைப் பதிந்தால் மென்பொருள் அழகாக வரிசைப்படுத்தித் தந்துவிடும். திரும்பப் பெறப்பட்ட அறிவியல் கட்டுரைகளை ஜோட்டெரோ 2019 முதல் சுட்டிக்காட்டுகிறது என்றாலும், ஒரு தமிழ் நூல் உண்மையில் இருக்கிறதா என்பதை ஆய்வாளர்தான் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

நடுகற்கள் தொடர்பாக நான் இதுவரை பதிந்துள்ள நூல்களும் கட்டுரைகளும் கல்வெட்டு அறிக்கைகளும் ஒருங்குறியில் ஒரே கோப்பாக உள்ளன. பொது வடிவம் உருவாக்க எந்தத் துறை முன்வந்தாலும், சோதித்துப் பார்ப்பதற்கு அதை முழுமையாகத் தரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வாளர்,
ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி மாவட்டம்.