சந்தேகத்தின் பலன் யாருக்கு?

தடுப்பூசி இழப்பீட்டு விதிகளை வகுக்கும் பொறுப்பில் உள்ள மத்திய சுகாதார அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

1994 அக்டோபர் 2 அன்று தில்லியில் போலியோ சொட்டு மருந்து இயக்கம் தொடங்கியபோது, ஒரு வயது மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு ஆர்.கே.புரத்தில் வரிசையில் நின்றவள் நான். இந்தி வராமல் தயங்கிய தமிழ்க் குடும்பங்களை வீடு வீடாகப் போய் அழைத்தும் வந்தேன். என்னைத் தடுப்பூசிக்கு எதிரானவள் என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

அந்த மகன்தான் 2021 ஜூனில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டான். பதினான்காம் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். கால் எழவில்லை. கில்லன் பாரே என்றார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே நரம்பைத் தாக்கும் நோயாம். ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். என் நகைகள் அதோடு போயின. இன்றும் சுவரைப் பிடிக்காமல் அவனால் படி ஏற முடியாது.

ஊசியால்தான் வந்ததா? சத்தியம் செய்து சொல்ல என்னால் முடியாது. வயிற்றுப்போக்குக்குப் பிறகும் இந்த நோய் வரும் என்று டாக்டரே சொன்னார். அவன் போட்டது அடினோ வைரஸ் வகை ஊசி, அதாவது பெருகாதபடி மாற்றிய ஒரு வைரஸின் மேல் ஏற்றி மருந்தை உடம்புக்குள் அனுப்பும் வகை. அந்த வகை ஊசிகளின் மிக அரிதான பக்கவிளைவாக இந்த நோயை ஐரோப்பிய மருந்து முகமை 2021-லேயே பட்டியலில் சேர்த்தது. அவனுக்கு வந்த பாதிப்பை ஆராய்ந்த நிபுணர்கள் ‘பி’ வகை என்று எழுதினார்கள்: காலம் பொருந்துகிறது, காரணம் இதுதான் என்று சொல்லச் சான்று போதாது. இதில் எனக்குக் குறையே இல்லை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னார்கள்.

என் கேள்வி அதற்கு அடுத்தது. தெரியாது என்ற இடத்தில் நஷ்டத்தை யார் சுமப்பது?

அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த ஊசிக்குப் பின் எத்தனை நாளுக்குள் எந்தப் பாதிப்பு வந்தால் இழப்பீடு என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். ஃப்ளூ ஊசி போட்ட 3 முதல் 42 நாளுக்குள் கில்லன் பாரே தொடங்கினால், வேறு காரணம் நிரூபிக்கப்படாதவரை ஊசியால் வந்ததாகவே கொள்கிறார்கள். இழப்பீடு கொடுக்கும் நிதிக்கு, ஒரு டோஸ் தடுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் வரி. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 164-ஆம் பிரிவைப் பாருங்கள். யார் மேல் தப்பு என்று நிரூபிக்காமலே மரணத்துக்கு 5 லட்சம், படுகாயத்துக்கு இரண்டரை லட்சம். சாலையில் அடிபட்டவனுக்குக் காட்டும் கருணையை, ஊருக்காகக் கையை நீட்டியவனுக்கும் காட்டுங்கள். ‘பி’ வகையில் வருகிறவர்களுக்குச் சந்தேகத்தின் பலன் உண்டு என்று விதியில் எழுதுங்கள். மருத்துவச் செலவை, விசாரணை முடியும்வரை காத்திருக்க வைக்காமல் முதலிலேயே கொடுங்கள்.

இன்னொன்றும் எழுத வேண்டும். இழப்பீடு கேட்டு நாங்கள் நடத்தும் வழக்கில் எதிர்த்தரப்பு சமரசத்துக்கு வந்திருக்கிறது. தொகை எங்கள் கடனை அடைக்கும். ஆனால் சமரச ஒப்பந்த வரைவின் நான்காவது பத்தி, ஊசிக்கும் நோய்க்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்று நாங்கள் ஒப்புக்கொள்வதாகச் சொல்கிறது. நிபுணர்களாலேயே சொல்ல முடியாததை என் மகன் எப்படிச் சொல்வான்? பணத் தேவையைக் காட்டி இப்படி எழுதி வாங்குவதை உங்கள் விதி தடைசெய்ய வேண்டும். “கையெழுத்துப் போடுங்க அம்மா, வழக்கு இன்னும் பத்து வருஷம் இழுக்கும்” என்கிறார் எங்கள் வக்கீல். அவர் நல்லவர், அக்கறையில்தான் சொல்கிறார்.

அந்தப் பத்தியை எடுத்துவிட்டால் அன்றைக்கே கையெழுத்துப் போடுகிறோம். இருந்தால் மாட்டோம். என் மகனும் இதையே சொல்லிவிட்டான்.

இப்படிக்கு,
ஒரு தாய்
ஆர்.கே.புரம், புதுதில்லி