எங்கள் இம்பாலாவை மறுபடி ஓட வைத்தவர்களுக்கு

ராயபுரத்தில் கல்யாண ஊர்வலத்துக்கு நாங்கள் விடும் பழைய செவ்ரோலெட் இம்பாலா கார் மறுபடி ஓடுகிறது. உதவியவர்களில் பாதிப் பேர் காசு வாங்க மறுத்துவிட்டார்கள். அதனால் நாலு பேர் பார்க்க எழுதிவிடுகிறேன்.

வண்டியில் இருந்தது இரண்டே கியர் உள்ள பவர்கிளைட் என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். எம்.சி. ரோட்டு நெரிசலில் பேண்டு செட்டுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்தே அது ஓய்ந்துவிட்டது. பதிலுக்குக் கிடைத்தது மூன்று கியர் டர்போ 350. நீளம் கிட்டத்தட்ட அதே, இன்ஜினோடு சேரும் போல்ட்டுகளும் அப்படியே உட்கார்ந்தன. நடுவில் இருக்கும் ஃப்ளெக்ஸ் பிளேட்தான் முரண்டு பிடித்தது. இன்ஜினின் சுழலும் தண்டான கிராங்கின் பின்பக்கம் ஆறு போல்ட்டில் நிற்கும் மெல்லிய தகடு அது. இன்ஜினின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் கன்வெர்ட்டரைச் சுற்ற வைப்பது அதுதான். எங்கள் தகட்டில் துளைகள் 10.75 அங்குல வட்டத்தில், வந்த கன்வெர்ட்டரிலோ 11.5. பல கை மாறிய வண்டி, எந்தக் காலத்தில் யார் மாட்டிய தகடோ! புதிது ஒன்று வரவழைத்தோம். விற்றவர் அனுப்பியது 1986க்குப் பிந்தைய இன்ஜினுக்கானது. அதில் கிராங்க் போல்ட் வட்டம் 3 அங்குலம். எங்கள் இன்ஜினுக்கு வேண்டியது 3.58. திருப்பி எடுக்க மாட்டார்களாம். சரி, போகட்டும் என்று பழைய தகட்டிலேயே வழி பார்த்தோம்.

வியாசர்பாடி லேத் பட்டறை அண்ணே, முதல் நன்றி உங்களுக்குத்தான். "ஓட்டையை அடைச்சு வெல்டு வச்சிடலாம்" என்று எல்லோரும் சொன்னபோது, சூடு பட்டால் தகடு நெளியும் என்று ஒரே பிடியாக மறுத்தீர்கள். இரண்டு வட்டத்துக்கும் நடுவே வெறும் முக்கால் அங்குலம்தான் என்று யாரோ சிரித்தார்கள். நீங்கள் அளந்து காட்டினீர்கள்: மையத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது போல்ட்டின் தடிமன் அளவுதான். பழைய துளைக்கு நேராகப் போட்டால் இரண்டும் ஒட்டிக்கொண்டு கிழியும். அதனால் கோணத்தைத் திருப்பி, இரும்பு நிறைந்த இடம் பார்த்து, வட்டத்தைச் சமமாகப் பிரிக்கும் டிவைடிங் ஹெட்டில் வைத்து மூன்று துளை போட்டீர்கள். அப்புறம் சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்த்தது நான் கேட்காமலே நீங்கள் செய்தது.

பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற ஐயாவுக்கும் நன்றி. கன்வெர்ட்டர் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்புக்குள் முழுசாக இறங்கவில்லை என்று கையால் சுற்றிப் பார்த்தே கண்டுபிடித்தது அவர். போல்ட்டைப் போட்டு இழுத்திருந்தால் பம்பு உடைந்திருக்கும். இறங்கிய பிறகு தகட்டுக்கும் கன்வெர்ட்டருக்கும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் நிற்கும் வரை அவர் டீகூட குடிக்கவில்லை. கோபக்காரர்தான், ஆனால் நுண்ணளவு பார்க்கும் டயல் கேஜைத் தொட்டால் குழந்தைபோல ஆகிவிடுகிறார்.

செயின் பிளாக் கொடுத்து, கூடவே நின்று தூக்கிவிட்ட காசிமேடு போட் மெக்கானிக் தம்பிகளுக்கும் நன்றி. ஒரு வாரம் வாசலை அடைத்து வேலை செய்தும் முகம் சுளிக்காத பக்கத்து வீட்டு அக்காவுக்கும்.

கடைசியாக, பழைய வண்ணாரப்பேட்டைக் குடும்பத்துக்கு. முகூர்த்தத்துக்கு முதல் நாள் வண்டி வராது என்று சொன்னபோதும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கவில்லை நீங்கள். ஆவணியில் சின்னப் பெண்ணின் கல்யாணம் என்று கேள்விப்பட்டேன். இம்பாலா வரும், வாடகைப் பேச்சே வேண்டாம்.