சீட்டாவில் உனக்கு இடம் இருக்காது, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

மாமா எழுதுவது. லக்னோவில் ராணுவ மருத்துவப் பயிற்சி முடிந்து உனக்கு சியாச்சின் பக்கம் போஸ்டிங் வந்திருக்கிறது என்று அக்கா போனில் அழுதுகொண்டே சொன்னாள். அவளைத் தேற்றிவிட்டேன், ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பயம் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, அது போனில் அடங்காது. இந்த வருஷம் நர்சிங் அசிஸ்டென்ட்டாக யூனிட்டுக்குப் போகிற மற்றப் பையன்களும் படிக்கட்டும் என்றுதான் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இங்கேயே எழுதுகிறேன்.

அடிபட்டவனை ஹெலிகாப்டரில் அனுப்பும்போது நீயும் கூடவே ஏறி, அவன் கையைப் பிடித்துக்கொண்டு போவாய் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். நானும் உன் வயதில் அப்படித்தான் நினைத்தேன். பெரிய ஹெலிகாப்டரில் அது நடக்கும். வியட்நாமில் அமெரிக்கர்களின் ஹ்யூயியில் ஒரு மெடிக் கூடவே பறந்தான், ஆப்கானிஸ்தானில் பிரிட்டிஷ்காரர்கள் சினூக்கில் டாக்டரையே ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆனால் உன் போஸ்டுக்கு வரப்போவது சீட்டா என்கிற சின்ன ஹெலிகாப்டர். ஒற்றை எஞ்சின். 18,000 அடியில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிதான், எஞ்சினுக்கும் மூச்சு முட்டும், மேலே சுற்றுகிற விசிறிக்கும் பிடிமானம் இருக்காது. எரிபொருளைக்கூட அளந்துதான் ஊற்றிக்கொண்டு வருவார்கள். ஹெலிபேடில் எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிஷம்கூட நிற்காமல் கிளம்புவார்கள். உனக்கு அதில் இடம் இருக்காது. கதவைச் சாத்திய பிறகு அடிபட்டவன் தனி ஆள், முன்னால் இருக்கிற விமானிகள் இரண்டு பேருக்கும் மலையையும் காற்றையும் பார்ப்பதற்கே நேரம் சரியாக இருக்கும்.

இது இன்று நேற்று வந்த கணக்கு இல்லை. 1944 ஏப்ரலில் பர்மாவில், ஜப்பானியர் பிடியில் இருந்த காட்டுக்குள், காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களை ஏற்றிவந்த சின்ன விமானம் இறங்க நேர்ந்து மாட்டிக்கொண்டது. அவர்களை எடுக்க கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க லெப்டினன்ட் அசாமின் லாலாகாட்டிலிருந்து ஒரு சிகோர்ஸ்கி ஹெலிகாப்டரை ஓட்டிக்கொண்டு போனார். விமானியைத் தவிர அதில் ஒரே ஒரு ஆள்தான் ஏற முடியும், அந்த வெக்கையில் அதற்கே எஞ்சின் கொதித்துப் போனது. ஒவ்வொருவராகத் தூக்கி ஆற்று மணல்திட்டில் இறக்கினார், அங்கிருந்து வேறு விமானம் கொண்டுபோனது. இரண்டு நாளில் நாலு பேரும் (அந்த விமானத்தை ஓட்டி வந்தவரையும் சேர்த்து) வெளியே வந்துவிட்டார்கள். போரில் ஹெலிகாப்டரால் நடந்த முதல் மீட்பு என்று அதைத்தான் சொல்வார்கள். அங்கே வெக்கை, உனக்கு உயரம், ஆனால் நடந்தது ஒன்றுதான், அந்த மூன்று பேர் கூடவும் யாரும் ஏறவில்லை.

அதனால் ஹெலிகாப்டர் வருகிறது என்று ரேடியோ செட்டில் சொன்னதிலிருந்து அது தரையைத் தொடுகிற வரைக்கும் உள்ள நேரம் முழுக்க உன்னுடையது. வழியில் என்னவெல்லாம் நடக்கலாமோ அதையெல்லாம் இங்கேயே யோசித்துச் செய்துவிட வேண்டும். வாந்தி எடுத்தால்? தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டு. பாட்டில் தொங்கவிட உயரம் இருக்காது, சலைன் பையை அவன் தோளுக்கடியில் வை, அவன் எடையே அழுத்திக்கொள்ளும், பை உறையாமலும் இருக்கும். கம்பளியை மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம், உடம்பு சில்லிட்டால் ரத்தம் உறையாது, நீ போட்ட கட்டு நனைந்துகொண்டே இருக்கும். போர்வை முனை எதுவும் பறக்கக் கூடாது. பையில் கிரெனேட் இருக்கிறதா என்று நீயே கைவிட்டுப் பார், அவன் நினைவோடு இல்லை என்றால் இரண்டு தடவை பார். பின்பக்கமாக ஹெலிகாப்டரை நெருங்காதே, மேட்டிலிருந்து இறங்கியும் போகாதே, விமானியின் கண்ணில் படுகிற மாதிரி முன்னால் குனிந்து போ. அப்புறம், சத்தம் தொடங்குவதற்கு முன்னால் அவன் காதில் என்ன நடக்கப்போகிறது என்று சொல்லிவிடு. அவனுக்குத் தெரிந்த பாஷையில் சொல். பிறகு யார் பேசினாலும் அவனுக்குக் கேட்காது.

இனி, அக்காவிடம்கூட நான் சொல்லாத ஒன்று. 1999 ஜூன், கார்கில். அங்கே ஹெலிகாப்டர் வருகிற இடத்துக்கே மணிக்கணக்கில் பாறையில் ஆளைத் தூக்கி இறக்க வேண்டும், அதன் பிறகுதான் ஸ்ரீநகர். தொடையில் அடிபட்ட ஒருவனுக்கு நான் வலி குறைய மார்ஃபின் ஊசி போட்டேன். இருட்டு, மேலே ஷெல் விழுந்துகொண்டிருந்தது, காயத்துக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிட்டேன். ஊசி போட்ட நேரத்தை எழுதவில்லை, ஊசி போட்டதையே எழுதவில்லை. குளிர்ந்துபோன உடம்பில் சதையில் போட்ட ஊசி உடனே ரத்தத்தில் கலக்காது, அதனால் அவனுக்கு வலி குறையவில்லை. கீழே இருந்தவர்கள் அவன் துடிப்பதைப் பார்த்து இன்னொன்று போட்டார்கள். கூடாரத்தின் கதகதப்பில் உடம்பு சூடேறியதும் இரண்டும் சேர்ந்து இறங்கியது, மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. ஒரு டாக்டர் அவன் கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்கியிருப்பதைப் பார்த்துப் பிடித்துவிட்டார். பிழைத்துவிட்டான். நான் செய்ததற்கு யாரும் என்னைத் திட்டவில்லை, யாருக்குமே தெரியாது. அவன் முகம் மட்டும் எனக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாகத் தெரிகிறது.

மேலே நீ பார்க்கப்போவதில் குண்டடி குறைவு. குளிரும் உயரமும்தான் அங்கே அதிகம் கொல்லும். நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு ஒருவன் நுரை துப்பினால், ஆக்சிஜன் கொடு, ஆனால் அவனுக்கு உண்மையான மருந்து கீழே இறக்குவதுதான், அதாவது ஹெலிகாப்டரே மருந்து. வானம் மூடிக்கொண்டால் அந்த மருந்து வராது. அப்போது அவனை, உள்ளே காற்றழுத்தத்தை ஏற்றுகிற அழுத்தப் பைக்குள் படுக்கவைத்து நிறுத்தாமல் பம்ப் அடிக்க வேண்டும். கை ஓய்ந்தால் அடுத்தவனைக் கூப்பிடு, வெட்கப்படாதே.

2016 பிப்ரவரி 3 உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடத்தில் இருந்தாய். சியாச்சினில் 19 மெட்ராஸ் படைப்பிரிவு இருந்த சோனம் போஸ்டைப் பனிச்சரிவு மூடியது. பத்துப் பேர், அதில் நாலு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். ஐந்து நாள் கழித்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். மறுநாள் காலை ஹெலிகாப்டரில் தோய்ஸ் விமானத்தளத்துக்கு இறக்கி, அங்கிருந்து விமானத்தில், கூடவே டாக்டர்களோடு, டெல்லிக்குக் கொண்டுபோனார்கள். 11ஆம் தேதி இறந்துபோனார். ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது, உன் பாட்டி சாமி அறையில் விளக்கை அணையவிடவில்லை. அந்தப் பத்துப் பேரில் ஒருவன் நர்சிங் அசிஸ்டென்ட். அவனைப் பற்றி அன்று யாரும் அதிகம் பேசவில்லை. நீ போகிற இடத்தில் அவனை நினைத்துக்கொள்.

அக்கா முறுக்கும் பொடியும் பார்சல் கட்டிக்கொண்டிருக்கிறாள். அந்தப் பார்சலுக்குள் நான் இரண்டு டஜன் பென்சில் வைத்திருக்கிறேன். அங்கே பேனா மை உறைந்துபோகும். கழுத்தில் கயிறு கட்டி ஒன்றைத் தொங்கவிட்டுக்கொள், கையுறை போட்டபடியே எழுதப் பழகு. என்ன ஊசி, எவ்வளவு, எத்தனை மணிக்கு.

உன் மாமா