செயலாளர் ஆண்டறிக்கை: கால் கிடைத்த பிறகு

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். காலை இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் விஷயத்தில் நம் சங்கம் செய்த வேலையைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன்.

இந்த ஆண்டும் வடசென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு பக்கமிருந்துதான் அதிகம் பேர் வந்தார்கள். சர்க்கரைப் புண் முற்றிக் காலை எடுத்தவர்கள், ரயிலில் அடிபட்டவர்கள். செயற்கைக் கால் இலவசமாகக் கிடைக்காதா என்றால், கிடைக்கிறது. கே.கே. நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தர 1981-ல் தொடங்கிய மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டம் இருக்கிறது. தொண்டு நிறுவனங்களும் உண்டு.

சிக்கல் அதற்கு அப்புறம்தான். ஆபரேஷன் முடிந்து மாதங்கள் போகப் போக, வீக்கம் வடிந்து மீதிக் கால் சுருங்கும். சரியாகப் பொருந்திய சாக்கெட், அதாவது செயற்கைக் காலில் மீதிக் கால் நுழையும் கூடு, லொடலொடவென்று ஆடும். மீதிக் காலில் துணி உறை மேல் உறை போட்டுச் சமாளிப்பார்கள். தோல் உரியும், புண்ணாகும். சர்க்கரை உள்ளவருக்கு அது பெரிய ஆபத்து. கடைசியில் செயற்கைக் கால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். வளரும் பிள்ளைகளுக்கோ உயரமே மாறிக்கொண்டிருக்கும். மறுபடி அளவு கொடுக்கப் போனால் இவருக்கும் கூட வருபவருக்கும் ஒரு நாள் கூலி போச்சு. பஸ்ஸில் கட்டணம் இல்லை, சரி. படி ஏற வேண்டுமே!

அதனால் செயற்கைக் கால் முகாம் செலவைக் குறைத்து, ஆட்டோ வாடகைக்கும் கூலி இழப்புக்கும் பணம் ஒதுக்கினோம். முகாம் போட்டால்தானே பேப்பரில் படம் வரும் என்று சிலருக்கு மனத்தாங்கல். வராவிட்டால் போகட்டும்.

மீன் விற்கும் பெண்கள் கேட்பது ஜெய்ப்பூர் கால். 1968 வாக்கில் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் டாக்டர் பி.கே. சேத்தியும் உருவாக்கியது. ரப்பர் பாதம் என்பதால் செருப்பில்லாமல் ஈரத்தரையில் நடக்கலாம், குத்துக்காலிட்டு உட்காரலாம். முழங்காலுக்கு மேலே எடுத்தவர்கள் பாடுதான் கஷ்டம். அவர்களுக்கு நல்ல மூட்டு வேண்டும். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2022-ல் வெளியிட்ட, ஒன்றுக்கு மேற்பட்ட அச்சுகளில் மடங்கும் செயற்கை முழங்கால் மூட்டைப் பற்றி விசாரித்து வருகிறோம்.

உறை, பெல்ட் போன்றவற்றைச் சங்க அறையிலேயே வாங்கி வைக்கப் பொதுக்குழு ஒப்புதல் தர வேண்டும். சாக்கெட்டை மட்டும் நாம் தொடக் கூடாது. அது தேர்ந்த டெக்னீஷியன் வேலை.

இப்படிக்கு,
செயலாளர்