மெடிக்கல் ஷாப் நடத்துகிறவர்களுக்கு ஒரு பல் டாக்டரின் மடல்

அன்புள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு,

வணக்கம். "காய்ச்சலுக்கு ஏதாவது குடுங்க" என்று வருகிறவரிடம், யாருக்கு என்று கேட்காமலே டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மருந்தை எடுத்து நீட்டுகிற பழக்கம் சில கடைகளில் இருக்கிறது. வாங்க வருவது கணவராகவோ மாமியாராகவோ இருக்கலாம். வீட்டில் படுத்திருப்பவர் ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருக்கலாம். அப்படியானால் அந்த மருந்து வயிற்றிலிருக்கும் குழந்தையின் பல்லில் கறையாகப் படிந்துவிடும்.

வயிற்றுக்குள் குழந்தைக்குப் பல் உருவாகும் வேலை ஆறாவது வாரமே தொடங்கிவிடுகிறது. ஈறு வரப்போகிற இடத்தில் மெல்லிய படலம் தடித்து, மேலே பத்து, கீழே பத்து என்று மொட்டு விடும். மொட்டு உள்பக்கம் குழிந்து மணி வடிவத்துக்கு வரும். முன்பல்லுக்குத் தட்டை விளிம்பு, கடைவாய்ப் பல்லுக்கு மேடு பள்ளம் என்பதெல்லாம் அந்த மணியின் உள்மடிப்பிலேயே முடிவாகிவிடும். சுமார் 14ஆம் வாரத்தில் முன்பற்களில் கால்சியம் படியத் தொடங்கும்; முதலில் டென்டைன் என்ற உள்பகுதி, அதன்மேல் எனாமல் என்ற கடினமான வெளிப்பூச்சு. ஐந்தாம் மாதம் முடிவதற்குள் இருபது பால் பற்களிலும் இந்த வேலை ஆரம்பித்திருக்கும்.

டெட்ராசைக்ளின் கால்சியத்தைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும். நஞ்சுக்கொடியைத் தாண்டிப் போய், கெட்டியாகிக்கொண்டிருக்கும் பல்லோடு சேர்ந்துவிடும். முளைக்கும்போது மஞ்சளாகத் தெரிவது, வெளிச்சம் பட்டுப்பட்டுப் பழுப்பாகும். கறை பல்லுக்குள் இருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் போகாது. எனாமல் கட்டிய செல்கள் பல் முளைப்பதோடு அழிந்துவிடுவதால் உடம்பும் அதைச் சரிசெய்யாது.

பால் பல்தானே, விழுந்துடும் என்பீர்கள். சரி. ஆனால் ஆறு வயதில் முளைக்கும் நிரந்தரக் கடைவாய்ப் பல், குழந்தை பிறக்கும் சமயத்திலேயே கெட்டியாகத் தொடங்குகிறது. நிரந்தர முன்பற்கள் அடுத்த சில மாதங்களில். எட்டு வயது வரை இந்த மருந்து வேண்டாம் என்பது அதனால்தான்.

இது ஷெட்யூல் எச் மருந்து. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. அது உங்களுக்கே தெரியும். "யாருக்கு? மாசமா இருக்காங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஆமாம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுங்கள். சில கடும் காய்ச்சல்களுக்கு டாக்டரே யோசித்து டெட்ராசைக்ளின் வகை மருந்து ஒன்றை எழுதுவதுண்டு. அது அவர் பொறுப்பு.

அப்புறம், அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் இருக்கிற பக்கத்தை வெட்டி எறியாதீர்கள். காகிதக் கவரில் நாலு மாத்திரையை மட்டும் போட்டுக் கொடுத்தால், அடுத்த செக்கப்பில் "ஏதோ மஞ்சள் மாத்திரை டாக்டர்" என்றுதான் அந்தப் பெண்ணால் சொல்ல முடியும். அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

இப்படிக்கு,
ஒரு பல் மருத்துவர்