அழுதால் பெரிதாகும் கட்டி

கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள செல்வம்,

பேத்தி பிறந்த சேதி கிடைத்த அன்றே எழுத நினைத்தேன். ஆடிக் காற்று கணவாய் வழியாக அள்ளிக்கொண்டு வருகிறது, கிளினிக் முழுக்க இருமலும் வீசிங்கும். நடுவில் ஒரு பையன் வந்தான். அவனைப் பற்றி உன்னிடம் சொல்லாமல் எனக்கு ஆறாது.

ஐந்து வயது. அப்பா தென்னையில் கள் இறக்குகிறவர். இடது கழுத்தில், தாடைக்குக் கீழிருந்து காறை எலும்பு வரை மெத்தென்று ஒரு கட்டி. பாட்டி, கழுத்தில் நெறிகட்டும் கண்டமாலை என்றாளாம். முன்பு பார்த்த டாக்டரும் டிபி நெறிகட்டி என்று முடிவுகட்டி, ஊசி போட்டு உறிஞ்சிக்கூடப் பார்க்காமல் நாலு மாதம் மாத்திரை கொடுத்திருக்கிறார். கட்டி அப்படியே இருக்கிறது, பிள்ளைதான் சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறான். எனக்கு வயிறு எரிந்தது.

கிளம்பும்போதுதான் அம்மா சொன்னாள்: "அழுதா பெருசாகுது சார்." திரும்ப உட்காரவைத்து, பலூன் ஒன்றைக் கொடுத்து ஊதச் சொன்னேன். ஊத ஊத என் விரலுக்கடியில் கட்டி புடைத்தது. நெறிகட்டி இப்படிச் செய்யாதே! சிரை வீக்கமோ என்று நினைத்தேன். டாப்ளர் ஸ்கேனில் ரத்த ஓட்டமே இல்லை, உள்ளே வெறும் நீர். எம்ஆர்ஐயில் கழுத்தின் பெரிய ரத்தக் குழாயான கேரோடிட்டை ஒட்டியே இறங்கி, அடிமுனை நெஞ்சுக்குள் நுழைந்திருந்தது.

கோவையில் எடுத்தார்கள். நிணநீர் தேங்கிய ஹைக்ரோமா, இல்லையென்றால் கருவின் செவுள் பகுதியில் மிஞ்சியதால் வரும் பிராங்கியல் கட்டி என்றுதான் அவர்களும் நினைத்தார்கள். பேத்தாலஜியில் பார்த்தால் கட்டியின் சுவரில் ஹாசல் உருண்டைகள், தைமஸ் சுரப்பியின் அடையாளமான செல் சுருள்கள். தைமஸ் கட்டிடா! நோயெதிர்ப்புச் செல்களை வளர்த்துவிடுகிற தைமஸ், கருவில் தொண்டையருகே உருவாகி நெஞ்சுக்கு இறங்குகிற வழியில் தங்கிவிட்ட துணுக்கு. முப்பது வருஷத்தில் நான் பார்த்த முதல் கேஸ். நெஞ்சில் தைமஸ் ஒழுங்காக இருப்பதை எம்ஆர்ஐயிலேயே பார்த்திருந்ததால் எடுத்ததில் பயமில்லை.

அதே கவனம் நடுக்கழுத்துக் கட்டிக்கும் வேண்டும். நாக்கை நீட்டினால் மேலேறுகிறது, கருவில் தைராய்டு இறங்கிய பாதையில் மிஞ்சும் தைரோகுளோசல் நீர்க்கட்டிதான் என்று, அதை எடுக்கிற சிஸ்ட்ரங்க் ஆபரேஷனுக்கு எழுதிவிடுகிறோம். தைராய்டு அதன் இடத்தில் இருக்கிறதா என்று ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்கக் கூடாது. சில பிள்ளைகளுக்கு அந்தக் கட்டிதான் இருக்கிற ஒரே தைராய்டு. எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் மாத்திரை.

நீ ஜூனியர்களுக்கு வகுப்பெடுக்கிறாயே, இந்தப் பையனைப் பற்றிச் சொல். அம்மாவிடம் எப்போது பெரிதாகிறது என்று கேட்கச் சொல். அடுத்த மாதம் பழனி வருவேன், ஸ்லைடு படத்தைக் கொண்டுவருகிறேன். பேத்தியையும் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
முருகேசன்