ராஜபாளையம் குட்டி வாங்குமுன் காதைச் சோதியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழில் நாட்டு நாய்கள் பற்றி வந்த கட்டுரை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை நான்கையும் ஒரே மூச்சில் 'காவலுக்கு ஏற்றவை' என்று சொல்லியிருந்தது. சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டுவதற்காக வளர்க்கப்பட்டவை. ஒட்டிய வயிறு, நீண்ட முகம், கண்ணால் பார்த்த மாத்திரத்தில் பாய்கிற ஓட்டம். வனவிலங்குச் சட்டத்தால் முயல் வேட்டை தடை செய்யப்பட்டது, ஓட்டம் நிற்கவில்லை. தாழ்ந்த சுவர் அவற்றுக்குச் சுவரே இல்லை. செம்பழுப்பு உடம்பும் கறுத்த வாயும் கொண்ட கோம்பை காவலுக்கு ஏற்ற நாய்.

கட்டுரையில் அடியோடு விடுபட்டது ராஜபாளையத்தின் காது. இந்த இனத்தில் சில குட்டிகள் செவிடாகிவிடுகின்றன. இந்த இனத்தின் பெருமையே பால் வெள்ளை உடம்பும் ரோஸ் நிற மூக்கும் தேன் நிறக் கண்ணும்தான். 2005-ல் அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டது, 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் பெயர் சொன்னார். எல்லாம் மகிழ்ச்சி. ஆனால் அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. உள்காது வேலை செய்ய அங்கே நிறமி செல்கள் இருந்தாக வேண்டும். தோலை வெள்ளையாக்குகிற அதே குறை உள்காதையும் எட்டிவிட்டால், ஒலியை வாங்கும் நுண்மயிர் செல்கள் பிறந்த சில வாரங்களில் மடிந்துவிடும். பிறகு எந்த மருந்துக்கும் அவை திரும்பி வருவதில்லை.

குட்டிக்குக் காது திறப்பதே இரண்டு வாரத்தில்தான். அந்தச் செல்கள் மடிவது மூன்று, நான்கு வாரத்தில். இங்கே பலர் முப்பதாம் நாளே குட்டியைக் கைமாற்றுகிறார்கள். அப்போது விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்வதைக் கடைப்பிடித்தாலே பாதிச் சிக்கல் தீரும். கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்று குட்டி கற்கிறது. அதற்கும் அந்த எட்டு வாரம் தேவை.

வாங்குமுன் வீட்டிலேயே சோதிக்கலாம். குட்டியைத் தனியாக ஒரு அறையில் விடுங்கள். கூட்டத்தோடு இருந்தால் மற்றவை திரும்புவதைப் பார்த்துச் செவிட்டுக் குட்டியும் திரும்பும். பால் குடித்துத் தூங்கட்டும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, அதன் பார்வைக்குப் படாமல் ஆறடி தள்ளிப் பின்னால் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள், அல்லது எவர்சில்வர் டம்ளரைக் கரண்டியால் தட்டுங்கள். காலால் தரையை உதைக்காதீர்கள், கிட்டத்தில் கை தட்டாதீர்கள். அதிர்வும் காற்றும் பட்டு விழித்துக்கொள்ளும், நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். மூன்று, நான்கு முறைக்கு மேல் ஒரே ஒலி வேண்டாம், பழகிப்போய்க் கேட்டாலும் அசையாது. காது மடல் ஒரு துடிப்புத் துடித்தால்கூடப் போதும். அசையவில்லை என்றால் மறுநாள் இன்னொரு முறை பாருங்கள். சோறு வைக்கும் சத்தத்துக்கு மற்றவை ஓடும்போது தூங்கிக்கொண்டே இருக்கும் குட்டி, விளையாட்டில் கடிபட்ட குட்டி கத்தினாலும் கடியை விடாத குட்டி, இரண்டையும் சந்தேகப்படலாம்.

இந்தச் சோதனையில் ஒரு காது மட்டும் கேட்கும் குட்டி தேறிவிடும். அதைப் பிடிக்க, ஒலிக்கு மூளை எழுப்பும் மின்துடிப்பை அளக்கும் கருவியால்தான் முடியும். ஐந்து வாரத்துக்குப் பிறகு செய்யலாம். ஒற்றைக் காது நாய் நன்றாக வாழும், காவலும் காக்கும். அதை இணை சேர்ப்பதுதான் கூடாது, குறை அடுத்த ஈற்றுக்குப் போகலாம். அண்ணன் தங்கையை இணை சேர்ப்பதும் அதே கேடுதான். அப்படிப் பிறக்கும் குட்டியின் மரபணுக்களில் சராசரியாகக் கால்பங்கு, இரு பக்கத்திலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த பிரதிகளாக இருக்கும்.

இன்னொன்று. ராஜபாளையத்தில் பழுப்புத் திட்டோடு குட்டி பிறந்தால் கலப்பு என்று சொல்லி ஒதுக்குகிறார்கள். புள்ளி போட்ட வெள்ளை நாய் இனமான டால்மேஷியனில் இதே கதை நடந்தது. பிறக்கும்போதே பெரிய கறுப்புத் திட்டுள்ள குட்டிகளில் செவிடு குறைவு என்று ஆய்வுகள் காட்டின, நாய்க் கண்காட்சி விதியோ அந்தத் திட்டைக் குறையென்று தள்ளியது. நாமும் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

செவிட்டுக் குட்டி ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தயவுசெய்து தெருவில் விடாதீர்கள். கை சைகையில் எல்லாம் கற்கும். தூங்கும்போது தொட்டு எழுப்பாமல் பக்கத்தில் தரையைத் தட்டி எழுப்புங்கள், பதறிக் கடிக்காது. வெளியே கயிறில்லாமல் கூட்டிப்போகாதீர்கள்.

தங்கள் நாளிதழ் அடுத்த முறை நாட்டு நாய் பற்றி எழுதும்போது, குட்டியின் விலையோடு இந்தக் காதுச் சோதனையையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நாட்டு நாய் வளர்ப்போர் சிலர்,
விருதுநகர் மாவட்டம்